டன் கணக்கில் காசு வாங்குகிறவர் டன்னைக் குறைப்பாரா?

கேள்வி: 9 மார்ச் 2025
காட்பாடியில் கட்டடக்கலை படிக்கும் ஒரு தம்பி கேட்டது:
"மின்சாரம் குறைவாக இழுக்கும் கட்டடம் வேண்டுமென்றால் ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல், ஏசி, எலெக்ட்ரிகல், கண்ணாடிக் கம்பெனி, இன்சுலேஷன் கம்பெனி எல்லாரும் முதல் நாளே ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். நம்ம வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இது நடக்கிற காரியமா? இல்லை, ஹைதராபாத், பெங்களூர் ஐடி கம்பெனிகளுக்கு மட்டும்தானா?"

9 மார்ச், இரவு
நடக்கும். ஆனால் வகுப்பில் சொல்கிற மாதிரி நடக்காது.

நான் சத்துவாச்சாரியில் எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர். ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) பேனல், டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், கேபிள், இதுதான் பிழைப்பு. மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்து ஷூ கம்பெனிகள், சில காலேஜ் ஹாஸ்டல்கள், கல்யாண மண்டபங்கள். நீங்கள் சொல்லும் மேசையில் கடைசி நாற்காலி என்னுடையது. எல்லாம் முடிவான பிறகு "லோடு எவ்ளோ வரும்னு சொல்லிடுங்க" என்று கூப்பிடுவார்கள்.

மேசை எல்லா இடத்திலும் இருக்கிறது தம்பி. டீ, பிஸ்கட்கூட இருக்கிறது. சுற்றி உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையாவது விற்க வந்தவர்கள். ஏசிக்காரர் டிசைனை இலவசமாகப் போட்டுத் தருவார். எப்படிப் போடுவார்? பரப்பளவைக் கேட்பார், 120 சதுர அடிக்கு ஒரு டன் ஏசி என்று மனக்கணக்குப் போடுவார், அதற்கு மேல் கொஞ்சம் 'சேஃப்டி'. மேற்குச் சுவர் கண்ணாடியா செங்கல்லா என்று கேட்க மாட்டார். கேட்டு அவருக்கு என்ன ஆகப் போகிறது? அந்தச் சுவருக்கு நிழல் கொடுத்தால் டன் குறையும், டன் குறைந்தால் அவர் வியாபாரம் குறையும். கன்சல்டன்ட் ஃபீஸ் மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசியிருக்கும். செலவைக் குறைக்கக் குறைக்க அவர் ஃபீஸும் தேயும். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. குறைத்துக் கொடுப்பவருக்கு எந்த ஒப்பந்தத்திலும் கூலி எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

10 மார்ச், காலை
ஏசிக்காரரை மட்டும் சொல்லிவிட்டு நான் நழுவக் கூடாது. டன் ஏறினால் என் பில்லும் ஏறும். கேபிள் தடிமனாகும், பேனல் நீளும், டிரான்ஸ்ஃபார்மர் ஒரு சைஸ் மேலே போகும், ஜெனரேட்டரும் கூடவே போகும். அதனால் நானும் வாயைத் திறப்பதில்லை. பல வருஷம் திறந்ததே இல்லை.

ஓனருக்கு இதில் தெரியாமல் போகிற செலவு டிமாண்ட் கட்டணம். ஒரே நேரத்தில் அதிகபட்சம் இவ்வளவு இழுப்பேன் என்று மின்வாரியத்திடம் எழுதி வாங்குகிற அளவுதான் டிமாண்ட். ஹெச்.டி. இணைப்பில், நீங்கள் கேட்டு வாங்கிய டிமாண்டில் 90 சதவீதத்துக்காவது மாதாமாதம் கட்டியாக வேண்டும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். ஒரு கல்யாண மண்டபத்துக்கு வேலை செய்தேன். ஏசிக்காரர் போட்ட டன்னுக்குத் தக்கபடி டிமாண்ட் வாங்கியாயிற்று. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். டிமாண்ட் கட்டணம் பூட்டிக் கிடக்காதே. ஓனர் பில்லை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார், மீட்டர் ஏதோ தப்பு என்று.

16 மார்ச்
"நடந்த கதை ஏதாவது இருந்தால் சொல்லுங்கண்ணே, குறை மட்டும் சொல்லாதீங்க" என்று குடியாத்தத்து நண்பர் கேட்கிறார். நியாயம். ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. தையல் பிரிவுக்குப் புது ஹால். இரும்புத் தூண், மேலே ஷீட், வழக்கமான ஷெட். சென்னையில் இருந்து ஆர்க்கிடெக்ட், ஷெட் போடுகிறவர், ஏசிக்காரர், புரொடக்‌ஷன் மேனேஜர், நான். ஓனர் பாய் தலைமாட்டில். ஹால் முழுக்க ஏசி என்று கொட்டேஷன் வந்திருந்தது. தொகையைப் பார்த்து பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆர்க்கிடெக்ட் மேடம் சொன்னார்: "ஏர் வாஷர் போட்டால் என்ன? மே மாத மதியத்தில் இங்கே காற்று காய்ந்துதான் இருக்கும். தண்ணீரில் நனைத்த காற்று போதும், ஏசியில் சின்னப் பங்குதான் கரண்ட் ஆகும்." சரிதான். சென்னைக்கு மதியம் வருகிற கடற்காற்று பகலில் இங்கே எட்டுவதில்லை. வெப்பம் நம்மை வறுக்கிற நேரத்தில் ஈரப்பதம் குறைவு, ஏர் வாஷருக்கு அதுதான் வேண்டும். ஏசிக்காரர் முகம் மாறியது, ஆனால் மறுக்க முடியவில்லை. எல்லாரும் தலையாட்டினோம்.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர் பார்க்கிற பெரியவர் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. பேச்சைக் காதில் வாங்கியவர், "தோல் எங்க வைப்பீங்க?" என்று ஒரே கேள்வி கேட்டார். வெளியே போய் ஒரு தோல் துண்டோடு திரும்பி வந்தார். போன மழைக்காலத்தில் சுவரோரம் கிடந்ததாம். மேலே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கட்டைவிரலால் தேய்த்தார், பொடி உதிர்ந்தது, அடியில் சாயம் மங்கி வட்டமாக ஒரு தடம். "இது இருபது ஜோடி" என்றார். ஈரக்காற்றைத் தைக்கிற ஆளுக்கு விடலாம், தோலுக்கு விடக் கூடாது. இது மேசையில் இருந்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அடுத்து பேஸ்டிங், பசை போட்டு ஒட்டுகிற வேலை. பசையில் கரைப்பான் வாசனை வரும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியே ஆக வேண்டும். அதே ஹாலில் ஏசி போட்டால், காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றை அந்த ஃபேன் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னது மேனேஜர். அவரும் அதுவரை சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அவரிடம் யாரும் கேட்கவில்லை.

முடிவில் படமே மாறியது. தோல் ஸ்டோர் தனியாக வடக்கு ஓரம், செங்கல் சுவர், சின்ன ஸ்பிளிட் ஏசி. கோடையில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதால் பேஸ்டிங் கிழக்குக் கோடியில், நடுவே சுவர், அதற்கென்று தனி எக்ஸாஸ்ட். தையல் ஹாலுக்கு ஏர் வாஷர். ஏசி டன் முதல் கொட்டேஷனில் கால்வாசிகூட வரவில்லை. என் கேபிளும் மெலிந்தது, சொல்லிவிடுகிறேன்.

16 மார்ச், சற்றுப் பிறகு
கம்பெனி பெயர் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

17 மார்ச்
"மழைக்காலத்தில் ஏர் வாஷர் வேலை செய்யாதே?" செய்யாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே நனைந்துதான் வரும். அப்போது வெயிலும் இல்லை, பம்பை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் ஓட்டுகிறார்கள். சிக்கல் ஆகஸ்ட், செப்டம்பரில்தான். ஒரு மழை பெய்து வெயில் அடிக்கும் நாட்களில் புழுக்கம் தாங்காது. தையல் பெண்கள் அன்றைக்கு மேனேஜரைத் திட்டுவார்கள். முழு ஏசி மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

23 மார்ச்
மாணவத் தம்பி, உங்களுக்காக இது. அதே ஹாலில் ஆர்க்கிடெக்ட் முதலில் 'நார்த் லைட்' கூரை வரைந்திருந்தார். ரம்பப் பல் மாதிரிக் கூரை, வடக்கு பார்த்துக் கண்ணாடி. பாடப்புத்தகத்தில் வடக்கு வெளிச்சத்தில் நேர் வெயில் வராது என்று இருக்கும். அதை எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி நேரம் சூரியன் நேர் தலைக்கு மேல். அங்கிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம்தான். ஜூன் 21இல் நேர் உச்சியிலிருந்து பத்தரை டிகிரி வடக்கே நிற்கும். நம் கடுங்கோடை முழுக்க அந்த 'நிழல்' கண்ணாடி வெயில் வாங்கும்.

இதைக் கண்டுபிடித்தது ஏசிக்காரர்! லோடு கணக்கை கம்ப்யூட்டரில் ஓட்டியவருக்கு ஜூனில் வடக்குக் கண்ணாடி வழியே ஏறுகிற வெப்பம் இடித்தது. ஒரு அடி நீட்டிச் சன்ஷேடு வைத்தால் ஜூன் உச்சிநேரத்தில் அஞ்சடிக்கு மேல் நிழல் விழும், அது சுலபம். காலை எட்டு மணிக்கும் மாலை நாலரைக்கும் சூரியன் தாழ்ந்து வடகிழக்கு, வடமேற்கிலிருந்து பக்கவாட்டில் எட்டிப் பார்க்குமே, அதற்குக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நிற்கிற பலகை வேண்டும். வைத்தார்கள்.

ஒன்பதாம் தேதி நான் ஏசிக்காரரைப் பற்றி எழுதியதையும் இதையும் சேர்த்துப் படியுங்கள். மனுஷன் அதே மனுஷன்தான். கேட்டதும் கணக்குப் போட்டார்.

2 ஏப்ரல்
ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை சார் ஒருவர், "சட்டம் போட்டால் எல்லாரும் வழிக்கு வருவார்கள்" என்கிறார்.

சட்டம் இருக்கிறது சார். 2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம். அதன்கீழ் 2007இல் வணிகக் கட்டடங்களுக்கான நெறி, ஈ.சி.பி.சி. என்பது, வந்தது. 2017இல் திருத்தினார்கள். 100 கிலோவாட் இணைப்பு அல்லது 120 கே.வி.ஏ. டிமாண்ட் உள்ள கட்டடங்களுக்கு. வீடுகளுக்கு 2018இல் எக்கோ நிவாஸ் சம்ஹிதா. 2022இல் சட்டத்தையே திருத்தினார்கள், 2024இல் இன்னொரு புது நெறி. காகிதத்துக்குக் குறைவில்லை.

வீட்டு நெறியில் ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரையின் யு மதிப்பு 1.2க்கு மேல் போகக் கூடாது. ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் இறங்குகிறது என்பதுதான் யு மதிப்பு. வெறும் ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு அது மூன்றுக்கு மேல். நம்ம ஊர் வழக்கப்படி செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு நாலு அங்குலம் போட்டுத் தட்டோடு பதித்தாலும் இரண்டை ஒட்டித்தான் நிற்கும். இரண்டு அங்குல தெர்மோகோல் வகைப் பலகையைத் தளத்துக்கு மேலே போட்டு அதன்மேல் ஓடு பதித்தால் 0.5, 0.6க்கு இறங்கிவிடும். நம் பக்கம் புதிதாகக் கட்டுகிற எத்தனை மாடியில் அந்தப் பலகை இருக்கிறது? நீங்களே ஏறிப் பாருங்கள்.

3 ஏப்ரல்
ஆற்காட்டு மேஸ்திரி ஒருவருக்குக் கோபம். "முப்பது வருஷமா தட்டோடு போடறேன் சார், போட்ட வீடு குளுகுளுன்னுதான் இருக்குது, உங்க பலக வேணாம்."

மேஸ்திரி சொல்வதும் உண்மை, என் எண்ணும் உண்மை. நேரம்தான் வேறு. கனமான தளம் பகல் வெயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக இறக்கும். மதியம் உள்ளே போனால் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் படுத்து மேலே கையை நீட்டிப் பாருங்கள். ஆறு மணிக்குப் பூட்டுகிற ஆபீசுக்குத் தட்டோடு நல்லதுதான். அதே தளத்தின் கீழ் தூங்குகிறவருக்கு அது தண்டனை. ஆள் எந்த நேரம் உள்ளே இருப்பார் என்று கேட்காமல் கூரையை முடிவு செய்யக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் அங்கே இருக்கப் போகிறவர், ஹாஸ்டல் என்றால் வார்டன். எந்தக் கூட்டத்திலாவது வார்டனைப் பார்த்திருக்கிறீர்களா?

மேஸ்திரி வேலையைக் குறைத்துப் பேசவில்லை. சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் ஊற்றி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்களே, அந்தத் தளம் ஒழுகி நான் பார்த்ததில்லை. இப்போது அப்படித் தட்ட ஆளும் இல்லை, காத்திருக்க ஓனரும் இல்லை.

6 ஏப்ரல்
பேச்சு பழைய வீடு பக்கம் போய்விட்டது. மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்திரம், முற்றம், "பாட்டி வீட்டில் ஃபேனே கிடையாது" என்று ஆளாளுக்கு. சரி. பாட்டி மத்தியானம் திண்ணையில், ராத்திரி மாடியில் படுத்தார் என்பதையும் எழுதுங்கள். ஒருவர் வேலூர் கோட்டையையே உதாரணம் காட்டிவிட்டார். அவ்வளவு தடிமன் கருங்கல் வேண்டுமென்றால் பக்கத்து மலையை வாங்க வேண்டும். சொல்லப்போனால் நம் ஊர் ராத்திரிப் புழுக்கத்துக்கு அந்தப் பாறை மலைகளும் ஒரு காரணம். பகல் முழுக்கக் காய்ந்துவிட்டு இருட்டிய பிறகு திருப்பிக் கொடுக்கின்றன. மேஸ்திரி தளம் செய்யும் அதே வேலை.

20 ஏப்ரல்
வெளியூரில் எப்படி நடந்தது என்று கேட்டவருக்கு.

ஹைதராபாத் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் ஒரு கட்டடத்தை இரண்டு சம பாதியாகக் கட்டியது. ஒரு பாதியில் நல்ல தரமான வழக்கமான ஏசி. மற்ற பாதியில் தளத்துக்குள் குழாய் பதித்து அதில் குளிர்ந்த நீரை ஓட்டும் முறை. இரண்டுக்கும் ஒரே நிழல், ஒரே கண்ணாடி, ஒரே மாதிரி ஆட்கள். குழாய்ப் பாதியில் குளிரூட்டும் மின்செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது, கட்டிய செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். தளத்துக்குள் குழாய் என்றால் என்ன அர்த்தம்? கம்பி கட்டுகிற அன்றைக்கே ஏசிக்காரர் சைட்டில் நிற்க வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் அவரும் பேசிக்கொள்ளாமல் அது நடக்கவே நடக்காது.

2011 முதல் இந்திய, சுவிஸ் அரசுகள் சேர்ந்து நடத்திய திட்டம் ஒன்று உண்டு. நிஜமாகவே கட்டப் போகிற கட்டடத்தை எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட எல்லாரும் நாலு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைவது, கணக்குப் போடுவது, மறுபடி வரைவது. கட்டடங்களின் எரிசக்தி பற்றி 2012இல் தொடங்கிய இந்திய-அமெரிக்க ஆராய்ச்சி மையத்தில் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகமும் பெர்க்லி ஆய்வகமும் முன்னே நின்றன, தொழில் நிறுவனங்களும் பங்கு போட்டுச் சேர்ந்தன.

ஆனால் இன்ஃபோசிஸ் கதையில் எனக்குப் படுவது வேறு. கட்டியவரும் அவரே, உள்ளே இருக்கப் போகிறவரும் அவரே, கரண்ட் பில் கட்டுகிறவரும் அவரே. கட்டி விற்கிறவருக்கு இந்தக் கவலை ஏன்? நம்ம பக்கம் பெங்களூர் சாலையில் போகும்போது பாருங்கள். வாடகைக்கு விட்ட கட்டடம், மேற்கு பார்த்து முழுக் கண்ணாடி, உள்ளே திரை இழுத்து மூடியிருக்கும், திரைக்குப் பின்னால் பட்டப்பகலில் டியூப் லைட். 2017 நெறியில் சுவரில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி கூடாது, நம்ம அட்சரேகையில் வடக்கு உட்பட எல்லாத் திசையிலும் வெயில் வெப்பத்தில் 27 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது என்று இருக்கிறது. அப்படிப்பட்ட கண்ணாடிக்கு ஊர் ஊராக அலைய வேண்டியதும் இல்லை, ஸ்ரீபெரும்புதூரிலேயே பெரிய ஆலை இருக்கிறது. வாடகைக்காரர் திரை வாங்கிக்கொள்வார் என்று ஓனருக்குத் தெரியும்.

4 மே
கத்திரி ஆரம்பம். பேரணாம்பட்டு சைட்டில் மதியம் ரெண்டு மணி. புது ஷீட்டின் அடிப்பக்கம் வெப்பமானித் துப்பாக்கியால் பார்த்தேன், 58 காட்டியது. பக்கத்து ஷெட்டில் போன வருஷம் வெள்ளைப் பூச்சு அடித்த ஷீட், 43. ஷெட் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டால் உள்ளே எத்தனை ஃபேன் சுற்றினாலும் அனல்தான் சுற்றும். வெள்ளைப் பூச்சில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் அளவு 0.6க்குக் குறையக் கூடாது என்கிறது நெறி. டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத டப்பா வெறும் சுவர் பெயின்ட்.

கூடவே இதையும் சொல்ல வேண்டும். தூசியும் புகையும் படிந்தால் இரண்டு வருஷத்தில் அது வெள்ளை இல்லை. கழுவ யார் ஏறுவார் என்று யாரும் யோசிப்பதில்லை. படியே வைப்பதில்லை.

11 மே
குடியாத்தம் நண்பர் விடவில்லை. "காசு முறைதான் கோளாறு என்றால் காசு முறையை மாற்று, புலம்பாதே."

மாற்றிப் பார்த்தோம். மேலே சொன்ன பாயின் அடுத்த கட்டடம், ஆபீஸ் பிளாக். எந்த கான்ட்ராக்ட்டிலும் கொஞ்சம் பணத்தை ஓனர் பிடித்து வைத்திருப்பார், ரிடென்ஷன். வழக்கமாக ஒழுகுகிறதா, விரிசலா என்று பார்த்து விடுவிப்பார்கள். இங்கே அதை மீட்டரோடு கட்டினோம். ஏசி பேனலுக்குத் தனி மீட்டர் ஒன்று வைத்தேன். ஏசிக்காரர் தானே எழுதிக் கொடுத்த யூனிட் கணக்குக்குள் முதல் கோடை முடிந்தால் முழுப் பணம். தாண்டினால் பிடித்தம். குறைந்தால் மிச்சத்தில் பங்கு. கன்சல்டன்ட்டுக்கும் சதவீதம் இல்லை, பேசி முடித்த ஒரே தொகை.

பேச்சு எப்படி மாறியது தெரியுமா! அதுவரை கண்ணாடி எந்தத் திசை என்று தானாகக் கேட்காத ஏசிக்காரர், மேற்கு ஜன்னலைச் சுருக்கச் சொல்லி ஆர்க்கிடெக்ட்டிடம் சண்டை போட்டார். தளத்துக்குப் பலகை போட்டால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். ஆர்க்கிடெக்ட் மேடம் பதிலுக்கு, "உங்க டக்ட்டை இப்படி வளைச்சு வளைச்சு ஓட்டினா ஃபேன் எவ்வளவு இழுக்கும்னு எழுதுங்க" என்றார். நான் சும்மா உட்கார்ந்து ரசித்தேன். மீட்டர் விலை சில ஆயிரம்தான்.

12 மே
உடனே கேள்விகள். ஆள் அதிகமாக வந்தால்? கோடை கடுமையாக இருந்தால்? இரண்டும் சண்டைக்குரிய விஷயம்தான். ஆள் எண்ணிக்கை, வேலை நேரம், தெர்மோஸ்டாட் 24 என்று காகிதத்தில் எழுதினோம். தெர்மோஸ்டாட்டை அக்கவுண்ட்ஸ் பிரிவில் யாரோ 18இல் வைத்துவிட்டு மேலே காலண்டர் மாட்டி மறைத்திருந்தார்கள். அந்தப் பஞ்சாயத்து தனிக்கதை.

சின்ன வேலைக்கு இந்த முறை ஒத்து வராது. வீட்டுக்கு நாலு ஏசி மாட்டுகிறவரிடம் போய் ரிடென்ஷன் பேசினால் கும்பிடு போட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரர் ஏசி வாங்கும் முன் கூரைக்குச் செலவு செய்தால் போதும்.

1 ஜூன்
சோலார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பேர். போடுங்கள், நானே போட்டுத் தருகிறேன், அதில்தான் இப்போது எனக்கு வேலையே வருகிறது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி, நாளுக்குச் சராசரி நாலு யூனிட். வீட்டுக்கு மூன்று கிலோவாட் என்றால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். ஆனால் அனலாகக் கட்டிய கட்டடத்துக்கு ராத்திரி ஓடுகிற ஏசியை அந்தப் பேனல் நேராக ஓட்டப் போவதில்லை. பேனல் தளத்துக்கு நிழலாகிறது, அது நல்லது. அதை ஆர்க்கிடெக்ட்டும் சோலார்காரரும் முன்னமே பேசியிருந்தால் தண்ணீர்த் தொட்டியை வடக்கு மூலைக்குத் தள்ளியிருப்பார்கள். பெரும்பாலான மாடியில் தொட்டி தென்மேற்கில், வாஸ்து. மதியத்துக்கு மேல் அதன் நிழல் பேனல் மேல். வாஸ்துக்காரரையும் மேசைக்குக் கூப்பிட வேண்டும் போல.

8 ஜூன்
பொதுப்பணித்துறை சார் மறுபடி: "அப்படியானால் சட்டத்தால் பயனே இல்லையா?"

இருக்கிறது சார், எண் எழுதியிருப்பதே பெரிய உதவி. கொட்டேஷனை எதோடு ஒப்பிடுவது என்று ஓனருக்குத் தெரிகிறது. ஆனால் ஆம்பூர் பக்கம் ஓனரை அசைப்பது வெளிநாட்டுக்காரர் ஆடிட். தோல் பதனிடும் ஆலைகளை லெதர் வொர்க்கிங் குரூப் என்ற சர்வதேச அமைப்பு தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறது. அதில் தண்ணீரோடு மின்சாரச் செலவும் கேள்வியாக வருகிறது. ஷூ வாங்குகிற பிராண்டுகளும் தனியாக ஒரு படிவம் நீட்டுகின்றன. பாய் என்னிடம் தனி மீட்டர் கேட்டதே அதற்குத்தான், ஒவ்வொரு பிரிவும் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டியாக வேண்டும். ஏசி பேனல் மீட்டரோடு ரிடென்ஷனைக் கட்டலாம் என்ற யோசனை அப்புறம் வந்ததுதான்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. படிவத்தில் யூனிட் கேட்கிறார்கள், தையல் ஹாலில் மத்தியானம் எத்தனை டிகிரி என்று நான் பார்த்த படிவங்களில் இல்லை. எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டால் யூனிட் குறையத்தான் செய்யும்.

22 ஜூன்
மாணவத் தம்பிக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறதாம், வாழ்த்துகள். முதல் கூட்டத்தில் என்ன கேட்பது என்கிறார்.

பெரிய கேள்வி எதுவும் வேண்டாம். இந்தக் கட்டடத்தின் கரண்ட் பில்லை யார் கட்டப் போகிறார், அவர் இங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். ஏசிக்காரரிடம் டன் கேட்காதீர்கள், எந்தச் சுவரில் இருந்து எவ்வளவு வெப்பம் வருகிறது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பரப்பளவை வைத்து மட்டும் போட்டிருந்தால் அவரால் பிரிக்க முடியாது, அங்கேயே தெரிந்துவிடும். பராமரிப்பு ஆள், ஸ்டோர் ஆள், வார்டன் இவர்களில் ஒருத்தரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். இன்டர்ன் சொன்னால் கேட்பார்களா என்றால், கேட்க மாட்டார்கள். டீ கொண்டுவரச் சொல்கிற சாக்கில் நீங்களே போய் அவரை அழைத்து வாருங்கள்.

எலெக்ட்ரிகல் ஆளை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள் என்று நான் சொன்னால் சொந்த வியாபாரம் பேசுகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் கூப்பிடுங்கள்.

29 ஜூன்
ஹாஸ்டலில் பழைய ஃபேனை மாற்றினால் லாபமா என்று கேட்ட சாருக்கு: பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது மோட்டார் வகையான பி.எல்.டி.சி. ஃபேன் 28 முதல் 35. 300 ஃபேன், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் தினம் 140 யூனிட்டாவது மிச்சம். ரிமோட்டைப் பையன்கள் தொலைத்துவிடுவார்கள், சுவரில் ரெகுலேட்டர் மாதிரி சுவிட்ச் உள்ள மாடல் கேட்டு வாங்குங்கள். பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதோடு மாட்டினால் ஃபேனின் போர்டு போய்விடும். வயர்மேனிடம் முதலிலேயே சொல்லுங்கள்.